பாதித் திரை

விமான ஓடுபாதையில் பனி தள்ளுவது என் வேலை.
பத்து நாள் விடுப்பு கிடைத்தது.
இவாலோவில் டிசம்பர் கடைசியில் சூரியன் வருவதில்லை;
பதினொரு மணிக்கு வானம் ஒரு நீலத்தைக் கொண்டுவந்து காட்டும்,
இரண்டு மணிக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

முதல் இரவே ஒரு பாலைவன விளையாட்டைத் திறந்தேன்.
தள்ளுபடியில் வாங்கி மூன்று வருடம்
தொடாமல் கிடந்தது.
தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் போவதுதான் கதை.
ஒட்டகத்தை விட்டுவிட்டேன்.
மணல்மேட்டில் என் ஆளை உட்காரவைத்து
நடுப்பகல் ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் நிழல் சுருங்கிச் சுருங்கிக்
காலடிக்குள் போய் ஒளிந்துகொண்டது.
என் முழங்காலில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.
அதில் சூடில்லை என்று தெரிந்தும்
காலுறையைக் கழற்றினேன்.

அடுத்தது பண்ணை.
மூன்று மணி நேரம் உருளைக்கிழங்கு நட்டேன்.
குளிர்காலம் வந்ததும் கையில் மண்வாரியைத் தந்து
பனியை அள்ளு என்றது.
போடா என்று அணைத்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி அக்கா வந்தாள்.
தம்பேரேயிலிருந்து இரவு ரயில், பிறகு பேருந்து,
ஏரிக்கரைக் குடிலை விற்கும் காகிதங்கள்
ஒரு நெகிழி உறைக்குள்.
எடுத்து மேசையில் பரப்பினாள்.
அதன் மேல் நான்
பிளம் ஜாம் நட்சத்திரங்கள் அடுக்கிய தட்டை வைத்தேன்.
வெண்ணெய் மெல்லக் கசிந்தது.
இருவரும் பார்த்தோம்.
யாரும் தட்டை நகர்த்தவில்லை.

சவுனாவில் பேசவில்லை.
சாம்பல்நீரில் ஊறிய மீனைத் தின்றபோதும் பேசவில்லை.
பேசாமலிருக்க ஏதாவது வேண்டியிருந்தது.
இன்னொரு கன்ட்ரோலரைத் தேடியெடுத்துத்
தூசி துடைத்து நீட்டினேன்.

குகைக்குள் விளக்குத் தூக்கிப் போகும் இரண்டு நரிகள்.
அருகருகே நடந்தால் ஒரே குகை.
ஒன்று விலகிப் போனால்
நடுவில் கோடு விழுந்து
திரை இரண்டாகப் பிளக்கும்.
மெர்விக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி.

மெர்விக்குக் குதிக்கத் தெரியாது.
குழியைப் பார்த்தால் கன்ட்ரோலரையே தூக்குவாள்;
தோளும் சேர்ந்து எழும், நரி மட்டும் எழாது.
பதினாலு முறை விழுந்தாள்.
"எந்தப் பொத்தான், துயிரே?"
மூன்று வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னது
அந்தப் பொத்தானுக்காக.
"பச்சை."
"பச்சையைத்தானே அழுத்துகிறேன்!"
"அது நீலம்."

பிறகு ஒரு பெட்டி. எட்டு நாணயங்கள்.
பொத்தான் தெரியாதவளின் நரி முந்தி ஓடி
எட்டையும் பொறுக்கிக்கொண்டது.
எனக்குள் எது ஏறியதோ,
"குடிலிலும் இதே கைதான்" என்றேன்.
அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"கூரை மாற்றக் காசு கொடுத்தது யார்,
கேட்டாயா என்றைக்காவது?"
கேட்டதில்லை.
அவள் நரி இடப்பக்கம் நடந்தது.
கோடு விழுந்தது.

அவள் பாதியில் நிலத்தடி ஏரி,
விளக்கொளியில் தவளைகள், ஒரு படகு.
என் பாதியில் சுவர்.
நான் அவள் பாதியையே பார்த்திருந்தேன்.
என் நரி முட்டிக்கொண்டே நின்றது.

நள்ளிரவு தாண்டி ஒரு கதவு.
இரண்டு நரிகளும் ஒரே கல்லில் நின்றால்தான் திறக்கும்.
வா என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
படகு திரும்பி வர நெடுநேரம் ஆனது.
கோடு மறைந்ததை நான் கவனிக்கவில்லை;
அவள்தான் "அட, ஒட்டிக்கொண்டது" என்றாள்.
பிறகு, பொத்தான்களைத் தடவிக்கொண்டே,
"நாணயத்தைக் கொடுப்பது எது?"
"அப்படி ஒரு பொத்தான் இல்லை."
"எவன் செய்தானோ" என்று திட்டினாள்.

இருபத்தேழில் போய்விட்டாள்.
காகிதங்களை எடுத்துப் போகவில்லை, மறந்தாளா தெரியாது.
கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில்
வெண்ணெய் ஊறி, அடியிலிருக்கும் மேசை தெரிகிறது.

தனியாகத் திறந்தால் திரை முழுவதும் எனக்கு.
அவள் நரி கல்லின் மேல் சுருண்டு தூங்குகிறது.
விளக்கு எரிகிறது. எட்டு நாணயமும் அதனிடம்.
நான் முன்னே போகவில்லை.

இரண்டாம் தேதி அதிகாலை வேலை.
தள்ளத் தள்ள ஓடுபாதையின் நடுக்கோடு
பனிக்கடியிலிருந்து வெளியே வந்தது.
பாதியில் போன் அதிர்ந்தது. மெர்வி:
"கன்ட்ரோலர் என்ன இந்த விலை சொல்கிறான்?"